27-க்கு இறக்கிய செட்டுகள்

அட்டனில் நான் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த காலத்தில், செட்டைத் தூக்கிக்கொண்டு படியேறிய பலர் உட்காரும் முன்பே கேட்பது ஒன்றைத்தான். "பாஸ், இதை 27-க்கு இறக்கித் தருவீங்களா?" கையில் இருப்பது அமெச்சூர்காரர்களுக்காகச் செய்த செட். அதன் மேல் பேண்ட் 28 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி 29.7 வரை போகும். அவர்களுக்கு வேண்டியது அதற்குச் சற்றுக் கீழே, 26.965 முதல் 27.405 வரை கிடக்கும் சிட்டிசன்ஸ் பேண்ட். சிபி என்று எல்லோரும் சொல்லும் நாற்பது சேனல். இரண்டும் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தின் அடுத்தடுத்த காம்பராக்கள். நடுச்சுவரை, செட் செய்த கம்பனி ஒரு வயராலோ ஒரு டயோடாலோ வைக்காமல் விட்ட ஒரு கிரிஸ்டலாலோ கட்டியிருக்கும். அதை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று வந்தவர்கள் நம்பினார்கள். எடுப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும், அது உண்மை. அதற்குப் பிறகு அந்த செட்டோடு நான் உட்கார்ந்திருந்த பொழுதுதான் என் தொழில்.

வந்தவர்கள் பல தரம். 1972-லும் 1975-லும் தேயிலைத் தோட்டங்கள் அரசுக்குப் போனபோது வெள்ளைக்காரத் தொரைமார் ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பங்களாக்களில் விட்டுப்போன பெரிய வால்வு ரிசீவர்கள் பிற்பாடு கண்டக்டர் ஐயா வீட்டிலும் டீமேக்கர் வீட்டிலும் இருந்தன. 1977-க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் பெட்டிக்குள் செட் கொண்டுவந்தார்கள். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் ஜப்பான் செட் கிடைத்தது. 1992-ல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குப் போனதும், டெலிபோன் லைன் மழைக்கு விழுந்து விழுந்து சலித்துப்போன சின்ன தொரைமார் வயர்லெஸ் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள். கொழுந்து ஏற்றும் லொறி முதலாளிகளும் வந்தார்கள்.

நான் வேலை பழகியது ஒரு பாயிடம். இறக்குமதி மூடியிருந்த காலத்தில் தொழில் செய்தவர். உதிரிப்பாகம் கிடைக்காததால் எரிந்த கொயிலைப் பிரித்து, எத்தனை சுற்று என்று எண்ணி, கையாலேயே திரும்பச் சுற்றுவார். மலைநாட்டில் ரேடியோவுக்கு முதல் எதிரி ஈரம். பனி இறங்கும் மாதங்களில் பேண்ட் சுவிட்ச் பச்சை பிடிக்கும், கொயிலில் பூஞ்சை ஏறும். அதனால் எந்த செட் வந்தாலும், 40 வாட் பல்ப் எரியும் ஒரு மரப்பெட்டிக்குள் ஓர் இரவு வைத்துக் காயவிட்ட பிறகுதான் மூடியைத் திறப்பார். "கோர்ல கை வைக்காத தம்பி, காரணம் தெரிஞ்சா மட்டும் திருப்பு" என்பார். ஐஎஃப் கேனின் கோரை, கொயிலுக்குள் திருகும் அந்தச் சின்னத் துண்டை, ஸ்குரூ டிரைவரால் திருப்பிப் பார்க்கும் ஆசை, பழகும் பையன்கள் எல்லோருக்கும் வரும். ஒரு முறை திருப்பினால் செட் மந்தமாகிவிடும், பழைய இடத்தைக் கண்டுபிடிக்க சிக்னல் ஜெனரேட்டர் வேண்டும். பாயின் அந்தச் சொல்லைத்தான் பிற்காலத்தில் பெரிய செட்டுகளிலும் கடைப்பிடித்தேன்.

அப்போது கடையை ஓட்டியது கேட்கும் செட்தான். இலங்கை வானொலித் தமிழ்ச் சேவைக்கும், இரவானால் பிபிசி தமிழோசைக்கும் சிற்றலை வேண்டும். சிற்றலை பிடிக்காத செட் தோட்டத்தில் செட்டாகவே மதிக்கப்படவில்லை. பேசும் செட் அபூர்வம். முதன்முதலில் என் மேசைக்கு வந்தது யாயேசு கம்பனியின் எஃப்டி-101. 1970களில் உலகம் முழுக்க அமெச்சூர்காரர்கள் வைத்திருந்த செட் அது. உள்ளே பெரும்பகுதி டிரான்சிஸ்டர். கடைசிக் கட்டத்தில் மட்டும் 12பிஒய்7 வால்வு ஒன்று தள்ள, 6ஜேஎஸ்6 வால்வு இரண்டு சிவக்கும்.

அந்த செட்டில் பேண்டைத் தீர்மானிப்பது கிரிஸ்டல். பேண்ட் சுவிட்சின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கிரிஸ்டல், ஒவ்வொன்றும் 500 கிலோஹேர்ட்ஸ் அகலம் தரும். பத்து மீட்டருக்கு மட்டும் நான்கு துண்டு. சில செட்டுகளில் 11 மீட்டர் என்று ஒரு நிலை சுவிட்சிலேயே இருந்தது. கிரிஸ்டல் இருந்தால் 27 தானாகவே வரும். இல்லாவிட்டால் சரியான கிரிஸ்டலைத் தேடிப் பிடித்துக் குத்த வேண்டும், அந்த நிலைக்குரிய கொயிலின் கோரை இணக்க வேண்டும், பிறகு முன்பக்கத்து பிளேட், லோட் குமிழ்களை விரைவாகச் சரிசெய்ய வேண்டும். இணக்கம் தவறி சில விநாடி கூடுதலாக மைக் பொத்தானை அமுக்கிவிட்டால் வால்வின் பிளேட் செக்கச்சிவந்து போகும். அந்த வால்வை இங்கே வாங்க முடியாது. தெரியாமல் குடைந்த செட்டுகள் பல வால்வு செத்துத்தான் என்னிடம் வந்தன.

1980களில் நிலைமை மாறியது. கென்வுட் டிஎஸ்-430, ஐகொம் ஐசி-735 போன்ற செட்டுகள் 30 மெகாஹேர்ட்ஸ் வரை இடைவிடாமல் கேட்கும். பேசுவது மட்டும் அமெச்சூர் பேண்டுகளுக்குள். உள்ளே இருக்கும் சின்ன மைக்ரோபுரொசசர் ஒன்று, எங்கே அனுமதி, எங்கே இல்லை என்பதைச் சில டயோடுகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். இப்போது கிரிஸ்டலும் இல்லை, கோரும் இல்லை. ஒரு வயர், அல்லது ஒரு டயோட். கடையில் குறட்டோடு உட்கார்ந்திருந்த எவனும் நிபுணன் ஆனான். பக்கத்து டயோடை வெட்டி, செட் வேறு நாட்டுச் செட்டாக நடந்துகொள்வதைப் பார்த்துத் திகைத்துப்போய் வந்தவர்கள் உண்டு. இன்னொரு வகை இதைவிட வேதனையானது. ஐகொமின் ஐசி-745, ஐசி-751 செட்டுகளில் அதன் புத்தி முழுவதும் ஒரு சின்ன ரேம் போர்டில், ஒரு லித்தியம் பெட்டரியின் தயவில் இருந்தது. பழைய பெட்டரி என்று அதைக் கழற்றி எறிந்தால் செட்டுக்கு எல்லாம் மறந்துவிடும், திரும்ப எழுத இங்கே வழியில்லை. வெட்டுவதற்கு முன் படித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாததால் நல்ல செட்டுகள் வெறும் பெட்டியாகின.

வெட்டிய பிறகு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். முதலில் ஏரியலை மாட்டவே மாட்டேன். ஒரு பெயின்ட் டின்னுக்குள் இரண்டு வாட், ஆயிரம் ஓம் கார்பன் ரெசிஸ்டர் இருபதைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து ஈயம் வைத்து, டிரான்ஸ்போமர் எண்ணெய் ஊற்றி வைத்திருந்தேன். சரியாக 50 ஓம். செட் பேசுவதெல்லாம் அந்த டின்னுக்குள் சூடாக முடியும், வெளியே யாருக்கும் தொல்லை இல்லை. அதில் வைத்து 27-ல் எவ்வளவு வாட் வருகிறது, 28-ல் எவ்வளவு என்று ஒப்பிடுவேன். 28-க்கென்று இணக்கிய செட் 27-ல் சற்றுத் தளரலாம். அலைவரிசையை உண்டாக்கும் விசிஓ விளிம்பில் தடுமாறினால் பேச்சு நடுங்கும், பூட்டு விட்டுவிட்டுப் பிடிக்கும். அதைச் சரிசெய்யாமல் கொடுத்தால் செட் எங்கே பேசுகிறது என்று செட்டுக்கே தெரியாது.

அடுத்தது ஏஎம். சிபியில் பலர் பேசுவது ஏஎம். அமெச்சூர் செட் 100 வாட் என்பது எஸ்எஸ்பி என்ற ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சின் உச்சம். ஏஎம்-இல் முழு மாடுலேஷன் வரும்போது உச்சம் கேரியரைப் போல நான்கு மடங்காகும். ஆகவே கேரியரை 25 வாட்டுக்குக் குறைத்து வைக்க வேண்டும். மீட்டரில் 100 காட்டவில்லையே என்று குமிழைத் திருப்புகிறவருக்குக் குரல் கரகரத்துப் பக்கத்துச் சேனல்களிலும் தெறிக்கும். "ஏன் பாஸ், பவரைக் குறைச்சிட்டீங்க?" என்று சண்டைக்கு வந்தவர்களுக்கு, இரண்டாவது செட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அவர்கள் குரலையே கேட்க வைப்பேன். 25-இல் எப்படி, 60-இல் எப்படி என்று அவர்கள் காதே சொல்லிவிடும்.

அமெச்சூர் செட்டில் சேனல் எண் கிடையாது, டயலில் வருவது அலைவரிசைதான். எனவே ஒரு பட்டியல் எழுதி செட்டின் தலையில் ஒட்டிக்கொடுப்பேன். அதைப் பார்த்து, நான் பிழையாக எழுதிவிட்டதாகத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். சேனல் 23 என்பது 27.255. ஆனால் 24-உம் 25-உம் அதற்குக் கீழே 27.235, 27.245 என்று வரும். அமெரிக்காவில் முதலில் 23 சேனல்தான். 1977-இல் நாற்பதாக்கியபோது நடுவில் கிடந்த வெற்றிடத்தில் இரண்டைச் செருகிவிட்டு மீதியை மேலே அடுக்கினார்கள். அந்த வரிசைக் குழப்பம் இன்றுவரை உலகம் முழுக்க அப்படியே இருக்கிறது.

ஏரியல் விஷயத்தில் மனிதர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு இன்றும் விளங்கவில்லை. செட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பார்கள், ஏரியலுக்கு வீட்டில் கிடக்கும் வயர். 28.5-க்கு வெட்டிய டைபோலின் முழு நீளம் ஏறக்குறைய 5 மீட்டர். 27.2-க்கு வேண்டியது 5.24. அதாவது இரு பக்கமும் 12 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். இதைச் செய்யாமல் 27-க்கு இறக்கிய செட்டில், திரும்பி வரும் சக்தியைக் கண்டு செட்டே தன் பவரைக் குறைத்துக்கொள்ளும். வந்தவர் செட்டில் பழுது என்பார். 12 சென்டிமீட்டர் வயரை முறுக்கி ஈயம் வைத்துக் காட்டினால் முள் எழும்பும். அதோடு மழை. பிளக்கின் வாயில் தண்ணீர் இறங்கினால் கேபிளின் உள் பின்னல் கறுத்துப்போகும், பிறகு எந்த ஏரியலும் உதவாது. சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி இழுத்துச் சுற்றி, கேபிளைத் தொங்கும் ஒரு வளைவாக விட்டுத்தான் வீட்டுக்குள் எடுப்பேன். வளைவின் அடியில் தண்ணீர் சொட்டிவிடும்.

இனி மலை. இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பெரிய தொரை, மலைமுதுகுக்கு அப்பால் நோர்வூட் பக்கத்தில் இருந்த சகோதரத் தோட்டத்தோடு பேச வேண்டும் என்றார். அனுமதிக் கடிதங்கள் எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். நூறு வாட் செட், பங்களா முற்றத்தில் உயரமான இரும்புக் கம்பம். அப்பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. பவரைப் பெருக்கும் நானூறு வாட் பெட்டி ஒன்று வாங்கிப் போட்டால் மலையைத் தாண்டுமா என்று கேட்டார்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். 4 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் இருபத்தைந்து மடங்கு. அது கேட்பவரின் எஸ்-மீட்டரில் இரண்டு கோட்டுக்குச் சற்று அதிகம். 400 போட்டால் இன்னும் ஒரு கோடு. கிட்டத்தில் எழும்பி நிற்கும் மலைமுதுகு அதைவிட எவ்வளவோ கூடுதலாக விழுங்கிவிடும். 27 மெகாஹேர்ட்ஸ் மலையின் விளிம்பில் சற்று வளைந்து இறங்கும், கைவயர்லெஸ்காரர்களின் 145-ஐவிட இந்த விஷயத்தில் நல்லது. ஆனால் வளைவதற்கு விளிம்பு தெரியவேண்டும். பள்ளத்துப் பங்களாவிலிருந்து விளிம்பு தலைக்கு மேலே செங்குத்தாக நின்றது.

ஏரியலை மட்டும் மேலே கொண்டுபோகலாமே என்றார். மேட்டிலிருந்து பங்களாவுக்கு மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் நூறு மீட்டர் இழுத்தால் 27-ல் ஆறில் ஐந்து பங்கு சக்தி கேபிளுக்குள்ளேயே தீர்ந்துவிடும். உண்மையில் அங்கே வேண்டியது அதைவிட நீளம். கடைசியில் செட்டையே மேலே கொண்டுபோனோம். மேல்மலையில் கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒன்று இருந்தது. தகரக் கூரை. அந்தத் தகரத்தின் நடுவில் காந்த அடி வைத்த கார் ஏரியலை நிறுத்தினேன். அவ்வளவு பெரிய தகரப் பரப்பு காலடியில் இருந்தால் அந்தச் சின்ன ஏரியலுக்கு அதைவிட நல்ல தரை கிடையாது. நூறு வாட் செட்டைக் கழற்றிவைத்துவிட்டு ஒரு சாதாரண 4 வாட் சிபி செட்டை லொறி பெட்டரியில் மாட்டினேன். அமெச்சூர் செட் பேசும்போது 20 அம்பியர் இழுக்கும். இது இரண்டுகூட இழுக்காது. மறுமுனையில் சகோதரத் தோட்டத்து ஃபெக்டரி மாடியிலிருந்து பதில் தெளிவாக வந்தது. செய்தியை மடுவத்திலிருந்து பங்களாவுக்கு ஒரு பையன் ஓடிக் கொடுப்பான். பல காலம் அது அப்படியே நடந்தது. மலைநாட்டில் வயர்லெஸ் போட விரும்பும் எவரும் முதலில் ஒரு கான்டூர் படத்தை விரித்துப் பார்க்க வேண்டும். செட்டின் விளம்பரப் புத்தகம் இரண்டாவது.

தகரக் கூரையின் கெட்ட குணமும் எனக்குத் தெரியும். துருப்பிடித்த மூட்டுகள் டயோட் போல வேலை செய்யும். பக்கத்தில் ஒரு செட் பேசினால் அந்தத் துரு வேறு அலைவரிசைகளைத் தானாக உண்டாக்கித் துப்பும். செட் சுத்தம், ஏரியல் சுத்தம், ஆனாலும் பக்கத்து காம்பரா ரேடியோவில் சத்தம் என்றால் கூரைத் தகரத்தைத் தட்டிப் பார்ப்பேன். தட்டும்போது சத்தம் மாறினால் ஆணியை இறுக்கி, மூட்டுக்குக் குறுக்கே ஒரு வயர் வைத்தால் தீரும்.

1996 மார்ச் 17, உலகக் கிண்ண இறுதி ஆட்டம். லாகூரில் இலங்கை, அவுஸ்திரேலியாவோடு. கரண்ட் இல்லாத லயங்களில்கூட கார் பெட்டரியில் சின்னக் கறுப்பு வெள்ளை டிவி ஓடியது. பிதுருதலாகல உச்சியிலிருந்து வரும் அலையைப் பள்ளத்து லயங்களில் பிடிக்க, மூங்கில் கம்பத்தின் தலையில் ஏரியலோடு ஒரு பூஸ்டர் கட்டியிருப்பார்கள். டிக்கோயா பக்கத்தில் ஒரு தோட்டத்தில், அரவிந்த டி சில்வா ஆடிக்கொண்டிருக்கும்போது வரிசையாக எல்லா டிவியிலும் படம் மீன்முள்ளாகி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பியது, மறுபடியும் போனது. காரணம் ரோட்டோரத்தில் வீடு வைத்திருந்த ஒரு லொறிக்காரரின் செட். வேறெங்கோ திறந்துவிட்ட அமெச்சூர் செட், அதன் பின்னால் ஒரு பவர் பெட்டி. சனம் அவர் வீட்டு வாசலில் கூடிவிட்டது.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். செட்டைச் சோதித்தால் மைக் கெயின் உச்சத்தில், பவர் பெட்டிக்குள் ஃபில்டர் என்று ஒன்றுமே இல்லை. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவான எஃப்சிசி 1978-லேயே 24 முதல் 35 மெகாஹேர்ட்ஸ் வரை வேலை செய்யும் பவர் பெட்டிகளைச் செய்து விற்பதைத் தடுத்ததற்குக் காரணம் இப்படிப்பட்ட பெட்டிகள்தான். பெட்டியைக் கழற்றச் சொன்னேன். ஆனால் அதோடு முடியவில்லை. பூஸ்டர்கள் எதையும் வடிகட்டாமல் எல்லாவற்றையும் பெருக்கும் மலிவுச் சாமான். சுத்தமான செட் பேசினாலும் அவற்றுக்கு மூச்சு முட்டும். ஆகவே பூஸ்டர் ஒவ்வொன்றின் வாயிலும் இரண்டு சின்ன செராமிக் கெபாசிட்டர், நடுவில் தரைக்கு ஒரு கொயில் வைத்து, 27-ஐத் தடுத்து டிவி அலையை விடும் ஃபில்டர் கட்டிக்கொடுத்தேன். செலவை லொறிக்காரர் ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு லயத்தில் அவரோடு யாருக்கும் பகை இல்லை.

சூரியனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய பதினோரு வருடத்துக்கு ஒரு முறை சூரியப் புள்ளிகள் பெருகும். 1979-80, 1989-90, 2000-01, பிறகு சற்று மெலிந்த 2014, கடைசியாக 2024. அந்த வருடங்களில் பகல் நேரத்தில் 27-உம் 28-உம் மேல்வானத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான மைல் பாயும். 1989-இல் காலை பத்து மணிக்குப் பிறகு சிபியில் இந்தோனேசியக் குரல்கள் குவியும், பின்னேரம் ஐரோப்பா வரும். அதே நேரம் எதிர்மலைத் தோட்டத்துக்காரர் கேட்கமாட்டார். "ஜகார்த்தா கேக்குது, பொகவந்தலாவை கேக்கலையே" என்று செட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். செட்டில் குறை ஒன்றும் இல்லை. 27-இல் பேசுவதை நம்பி ஒரு தோட்டம் தன் அவசரத் தொடர்பை வைப்பது ஆபத்து என்று நான் சொல்லத் தொடங்கியது அந்த வருடத்தில்தான்.

நாட்டு நிலைமையும் அந்த வருடங்களில் அப்படி. 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது, 1983-க்குப் பிறகு யுத்தம். மலையகத் தமிழன் ஒருவன் அடையாள அட்டை இல்லாமல் பஸ்ஸில் ஏறவே பயந்த காலம். அவன் கையில் பேசும் செட் இருந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை. தோட்டத்துப் பையன் ஒருவன், வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பிய செட்டோடு சோதனைச் சாவடியில் மாட்டினான். அவன் அதில் ஒரு சொல்கூடப் பேசியிருக்கவில்லை. திரும்பி வர வெகுகாலம் ஆனது, வந்தவன் பழைய பையனாக இல்லை. அதற்குப் பிறகு என் கடையில் கண்டிப்பான ஒரு வழக்கம். அனுமதிப்பத்திரத்தைப் பார்க்காமல் எந்தப் பேசும் செட்டின் மூடியையும் திறக்கமாட்டேன். செட்டின் சீரியல் எண்ணும் பத்திரத்தின் எண்ணும் ஒரு கொப்பியில் ஏறும். நெருங்கிய உறவுக்காரர்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபித்துக்கொண்டார்கள்.

சட்டத்தைப் பற்றிப் பலருக்கு இன்றும் தவறான எண்ணம் இருக்கிறது. அமெச்சூர் லைசன்ஸ் இருப்பவர் அமெச்சூர் பேண்டுகளில் பேசலாம். அது 27-க்கான அனுமதி ஆகாது. அமெரிக்காவிலும் சிபிக்குத் தனியாகச் சான்று பெற்ற செட்தான் செல்லும், இறக்கிய அமெச்சூர் செட் செல்லாது. இந்தியாவில் 2005-இல் 26.957 முதல் 27.283 வரை 5 வாட்டுக்குள் லைசன்ஸ் இல்லாமலே பேசலாம் என்று விட்டார்கள். அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தவர்கள் உண்டு. இங்கே 1991-இன் தொலைத்தொடர்புச் சட்டமும், 1996-இன் திருத்தத்தோடு வந்த தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும்தான் பேச்சு.

இதனால்தான் 1990களிலிருந்து எதிர்த்திசை வேலையில் எனக்கு விருப்பம் கூடியது. சிபி செட்டை 28-க்கு ஏற்றுவது. கோப்ரா 148 போன்ற எஸ்எஸ்பி உள்ள சிபி செட் பழசாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அலைவரிசையைப் பூட்டி வைக்கும் பிஎல்எல்லின் கிரிஸ்டலை மாற்றி, விசிஓவின் கோரைத் திருப்பி, ஓட்டும் கட்டத்துக் கொயில்களை இணக்கினால் பத்து மீட்டரில் 12 வாட் எஸ்எஸ்பி தரும் நல்ல அமெச்சூர் செட்டாகிவிடும். வேலை நிறைய, பாய் சொன்ன கோர் பாடம் முழுக்க இதில் வேண்டும். ஆனால் பரீட்சை எழுதித் தேறிய, கையில் காசில்லாத ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு இது சட்டப்படி பேசும் வழி.

12 வாட்டில் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் 28.200-ஐத் திருப்பிக் காட்டுவேன். அங்கே உலகம் முழுக்கப் பதினெட்டு பீக்கன்கள், மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, ஒன்று மாற்றி ஒன்று மோர்ஸில் தம் பெயரைச் சொல்லும். நம் கொழும்பின் 4எஸ்7பி அதில் ஒன்று. பெயர் சொன்ன பிறகு ஒவ்வொன்றும் நான்கு நீண்ட கோடு அனுப்பும். முதல் கோடு 100 வாட், அடுத்தது 10, அடுத்தது 1, கடைசி 0.1. பேண்ட் திறந்த ஒரு நல்ல காலையில் ஹொங்கொங்கின் பீக்கன் ஒரு வாட்டில் அனுப்பும் கோட்டைத் தன் காதால் கேட்டவன் பிறகு பவர் பெட்டி கேட்டு வரமாட்டான். நான் பேசி விளங்கவைக்க முடியாததை அந்தப் பத்து விநாடி விளங்கவைத்துவிடும்.

2000-க்குப் பிறகு கைபேசி வந்து கடையின் இந்தப் பக்கத்தை மூடிவிட்டது. தோட்ட நிர்வாகங்களுக்கு இனி 27 தேவையில்லை. நானும் டிவிக்கும் சார்ஜருக்கும் மாறினேன். ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமியில் தெற்கில் டெலிபோன் விழுந்தபோது ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலையில் தொடர்பு கொடுத்தவர்கள் அமெச்சூர்காரர்கள். 4எஸ்7விகே விக்டர் குணதிலக்கவும் அவருடைய சகாக்களும் ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்காவின் பெயரில் செய்த அந்த வேலையைப் பற்றிப் படித்தபோது, அவர்களின் செட்டுகள் 27-இலோ பவர் பெட்டியிலோ நிற்கவில்லை என்பதைக் கவனித்தேன். பயிற்சி உள்ள மனிதர்கள், அனுமதி உள்ள அலைவரிசை, ஒழுங்காகக் கட்டிய ஏரியல். அவ்வளவுதான்.

2014 அக்டோபர் 29-இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அடுத்த வாரங்களில் சில தோட்டத்து இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். எங்கள் மலையில் இப்படி ஒன்று நடந்தால் ரோடும் கரண்டும் டவரும் ஒரே இரவில் போகும், என்ன செய்வது என்று கேட்டார்கள். சிலர் கையில் மலிவான சீனக் கைவயர்லெஸ். லைசன்ஸ் யாரிடமும் இல்லை. அவற்றை மேசையில் வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் படியுங்கள் என்றேன். ஞாயிறு பின்னேரங்களில் ஓம் விதி, கெபாசிட்டர், ஏரியல் நீளம், சட்டம் என்று சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். சிலர் பாதியில் விட்டார்கள். சிலர் தேறினார்கள். அவர்களில் ஒருத்தி, கொழுந்து பறிக்கும் தாயின் மகள், இராகலைப் பக்கத்தில் இன்று தன் வீட்டுக் கூரையில் 5 மீட்டர் டைபோல் கட்டி வைத்திருக்கிறாள். செட் நான் 28-க்கு ஏற்றிக்கொடுத்த பழைய சிபி.

மலைமுதுகு பிரச்சினைக்கு அவர்கள் என்னைவிட நல்ல வழி ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். கிட்டத்துத் தோட்டங்களுக்கு 7 மெகாஹேர்ட்ஸ், தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் தாழ்வாகக் கட்டிய டைபோல். அலை நேரே தலைக்கு மேலே போய் வானத்தில் பட்டு, மலைகளுக்கு இருபுறமும் பள்ளங்களுக்குள் விழும். பகலில் அட்டனும் இராகலையும் பேச மலை குறுக்கே நிற்காது. மடுவத்தில் செட் வைத்துப் பையனை ஓடவிட்ட எனக்கு இது அந்தக் காலத்தில் தோன்றவில்லை. தேவைப்பட்ட செட்டுகள் என் மேசையிலேயே கிடந்தன.

2024-இல் உச்சத்தைத் தொட்ட சூரியன் இப்போது இறங்கத் தொடங்கியிருக்கிறது. 28 இன்னும் கொஞ்ச காலம் பகலில் திறந்திருக்கும், பிறகு பல வருடம் பெரும்பாலும் மௌனம். படிக்கிற பிள்ளைகளிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன். அடுத்த பரீட்சையை விடாதீர்கள், எழுதித் தேறுங்கள், 12 வாட்டில் உலகத்தைப் பிடிக்கலாம். பேண்ட் மூடிய பிறகு 7-க்கு இறங்குவோம். அதற்கான கொயில்களை இப்போதே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.